அனுபவசாலி டயர்கள்

"டயரையே இவ்வளவு நேரமா முறைச்சுப் பார்த்துட்டு இருக்கீங்களே, பஞ்சரா?" என்று கேட்டாள் மித்சுயோ.

"பஞ்சர் இல்ல. ஒல்லி" என்றார் தோகுமாரு.

தோக்கியோவை ஒட்டிய கவாகுச்சியில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், சொந்த எஸ்யூவியின் முன்சக்கரத்துக்கு எதிரே அவர் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். கையில் அளவு நாடா. அளந்து முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் நாடாவைச் சுருட்ட மனசு வரவில்லை.

"மூணு வருஷமா அதே டயர்தானே. நேத்து வரைக்கும் ஒல்லியாத் தெரியலையே?"

"நேத்து வரைக்கும் நான் அதை நுமாஜிரி கண்ணால பார்க்கல."

மித்சுயோ கையிலிருந்த காய்கறிப் பையைத் தரையில் வைத்தாள். இது சட்டென்று முடிகிற விஷயம் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நுமாஜிரி என்பவர் குன்மா மலைப்பக்கத்தில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர். அவருடைய மகன் கோஹெய்யைத்தான் இவர்களுடைய மகள் ஷிஹோ கட்டிக்கொள்ளப் போகிறாள். போகிறாள் என்று இப்போதைக்குச் சொல்லலாம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது நல்லபடியாக நடந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ஹோட்டலெல்லாம் எதற்கு, தோட்டத்துக்கே வந்துவிடுங்கள் என்று நுமாஜிரி சொல்லி அனுப்பியிருந்தார். முந்தின நாள் போனில் ஷிஹோ இன்னொரு தகவலும் சொன்னாள்.

"அப்பா, கோஹெய்யோட அப்பா மலைப்பாதையில வண்டி ஓட்டறதுல பெரிய ஆளாம். பாறை, சேறு, ஆறு எல்லாத்துலயும் விடுவாராம். உங்ககிட்டயும் அதே வண்டிதானே இருக்கு? அதைப் பத்திப் பேசுங்க. ஒத்துப்போயிடும்."

வண்டி அதேதான். ஆனால் தோகுமாருவின் வண்டி இதுவரை கண்ட பெரிய மேடு, சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் வேகத்தடை. அதையும் அவர் கொஞ்சம் சாய்வாகத்தான் ஏற்றுவார்.

மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. மூடி டப்பாவில் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறார். உலகத்தில் எது எதற்குள் பொருந்தும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இல்லை என்று கம்பெனி ஆண்டு விழாவில் ஒருமுறை பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் அவருடைய டயரைப் பார்த்ததில்லை.

"நீங்க நீங்களாவே போனா என்ன?" என்றாள் மித்சுயோ.

"போன தடவை நான் நானாத்தான் போனேன்."

 போன தடவை என்பது இரண்டு வருஷத்துக்கு முன் ஷிஹோவுக்கு வந்த வேறொரு சம்பந்தம். பையனுடைய அப்பாவுக்கு மீன்பிடிப்பதில் உயிர். தோகுமாருவை ஆசையாக ஆற்றுக்குக் கூட்டிப்போய்ப் புழு டப்பாவைக் கையில் கொடுத்தார். புழு நெளிந்தது. தோகுமாரு டப்பாவோடு எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டார். வேண்டாம் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போன் வருவது மெல்லக் குறைந்து ஒருநாள் நின்றுபோனது. ஷிஹோவும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க அவள் முகம் இருந்த இருப்பு அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இன்னொரு தடவை தன்னால் அவள் முகம் வாடினால் தாங்க முடியாது என்று அவர் நினைத்தார்.

அதனால் அடுத்த சனிக்கிழமை டயர் கடைக்குப் போனார்.

கடைப் பையன் படு சுறுசுறுப்பு. "அகலம் இருநூத்து அறுபத்தஞ்சா, எண்பத்தஞ்சா சார்?"

"எது நல்லா இருக்கும்?" என்று ஓட்டலில் கேட்பதுபோல் கேட்டார் தோகுமாரு.

"அது நீங்க எங்க ஓட்டறீங்கங்கறதைப் பொறுத்தது. சேறா, பாறையா, மணலா?"

"எல்லாம்தான்" என்றார். சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் பயந்தார்.

பையன் ஒரு டயரை உருட்டி வந்து எதிரே நிறுத்தினான். அகலம் என்றால் அப்படி ஒரு அகலம். கறுப்பு பளபளத்தது. ஆனால் அதன் உடம்பெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன. புது டயருக்கு அது உண்டு. பத்து நாள் ஓடினால் உதிர்ந்துவிடும். தோகுமாரு அந்த முடிகளையே பார்த்தார். நுமாஜிரியும் இதைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்ததும், இந்த மனுஷன் இன்றைக்காகவே வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

"பழசு இருக்கா?" என்று கேட்டார்.

"நாங்க புதுசுதான் சார் விக்கிறோம்."

"தேஞ்சது வேண்டாம். கொஞ்சம் அனுபவப்பட்டது."

பையன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குமகாயா தாண்டிப் பதினேழாம் நம்பர் சாலையில் இசோபே என்பவரின் பழைய சாமான் கடைக்கு வழி சொன்னான்.

இசோபே அறுபது வயது ஆசாமி. வாயில் பல்குச்சி. தோகுமாரு தனக்கு வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பல்குச்சி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மெதுவாக நகர்ந்தது.

"டயருக்கு அனுபவமா? ஆளுக்குத்தானே கேப்பாங்க."

"ஆளுக்கு இல்லாததாலதான் டயருக்குக் கேக்கறேன்" என்றார் தோகுமாரு உண்மையாக.

இசோபே கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே நான்கு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. வெண்கல நிறத்தில் ரிம். பார்க்கவே முரட்டு டயர். பள்ளங்களில் காய்ந்த செம்மண் அப்பியிருந்தது. ரிம்மில் அங்கங்கே கல் பட்ட தழும்பு. தோகுமாரு குனிந்து கிட்டத்தில் பார்த்தார். இப்படி நாலு தழும்பு தனக்கு இருந்திருந்தால் புழு டப்பாவை ஆற்றில் விட்டிருக்கமாட்டோம் என்று தோன்றியது.

"உங்க மாடலுக்கு போல்ட்டு சரியா உக்காரும். ஆனா மட்கார்டைத் தாண்டி ஒரு விரல் வெளிய நிக்கும்."

"ஒரு விரல்தானே?" என்றார் மூடி நிபுணர்.

"மாட்டறதுக்கு முன்னால கழுவிடறேன்."

"வேண்டாம் வேண்டாம், சேறு அப்படியே இருக்கட்டும்" என்று குறுக்கே கையை நீட்டித் தடுத்தார் தோகுமாரு. "இன்னும் கொஞ்சம் இருந்தா அப்பிடுங்க."

அந்த ஒரு விரலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நின்றால் வண்டிப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போலீஸ் பார்த்தாலும் வம்பு. மாட்டி முடித்த பிறகுதான் இசோபே இதை விவரமாகச் சொன்னார். அதற்கு வழியும் சொன்னார். மட்கார்டு ஓரமாக ரப்பர் பட்டை ஒட்டிவிட்டால் டயர் உள்ளே இருப்பதாகக் கணக்கு. ஒட்டினார்கள். வண்டி பக்கவாட்டில் வீங்கி, பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைபோல் இருந்தது. தோகுமாருவுக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது. வழியில் சிவப்பு விளக்கு விழுந்த இடத்திலெல்லாம் கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அவர்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்துவது ஒரு இயந்திரத்தில். மாடிபோல மூன்று அடுக்கு. இரும்புத் தட்டில் வண்டியை ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் தட்டு மேலே போகும், கீழே இருப்பது மேலே வரும். தட்டின் இரண்டு பக்கமும் இரும்பு விளிம்பு உண்டு. தோகுமாரு வண்டியை ஏற்றினார். உள்ளே கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் போனது. பொத்தானை அழுத்தினார். தட்டு பாதி உயரம் போய், உறுமி, நின்றுவிட்டது. பிறகு கட்டடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு மணி அடிக்க ஆரம்பித்தது.

அடியில், பள்ளத்துக்குள், பக்கத்து வீட்டுச் செனோ அம்மாளின் சின்னக் கார் இருந்தது. செனோ அம்மாள் பாடகர் குழுவில் இருப்பவர். அன்று மாலை அவர்களுடைய வருடாந்திரக் கச்சேரி. அவர் நீளமான நீலக் கவுனில், பாட்டுப் புத்தகத்தோடு இறங்கி வந்து இயந்திரத்துக்கு எதிரே நின்றார்.

பராமரிப்பாளர் ஹிராகுரி சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். "தோகுமாரு சான், உங்க வண்டி குண்டாயிடுச்சா?"

"கொஞ்சம்."

"இது அளவெடுத்துச் செஞ்ச தட்டு சார். உங்களுக்குத் தெரியாததா? நீங்க மூடி கம்பெனியாச்சே."

தோகுமாரு செனோ அம்மாளின் பக்கம் திரும்பி இடுப்பு வலிக்கக் குனிந்தார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ இவரைவிடத் தாழக் குனிந்தார்.

"என் வண்டி கீழ இருந்ததால உங்களுக்குத்தான் தொந்தரவாயிடுச்சு. மன்னிக்கணும்."

"ஐயோ, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

"இல்லல்ல, நான் முன்னாடியே கிளம்பியிருக்கணும்."

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மெக்கானிக் வருவதற்குள் கச்சேரியில் பாதி முடிந்துவிட்டது. செனோ அம்மாள் டாக்சியில் ஏறும்போதும் கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் தோகுமாரு அந்த இயந்திரத்தில் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இனிப்பு டப்பாவோடு போய் மன்னிப்புக் கேட்டார். வாங்கிக்கொண்ட ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதற்குப் பதில் மரியாதையாக ஆரஞ்சு, ஊறுகாய், துண்டு என்று வந்து சேர்ந்தது. செனோ அம்மாள் முலாம்பழம் கொடுத்தனுப்பினார். முலாம்பழத்துக்குப் பதில் மரியாதை செய்யாமல் இருக்க முடியாது என்று மித்சுயோ மறுபடியும் இனிப்புக் கடைக்குப் போனாள்.

"இந்த டயர் எங்க போச்சோ தெரியாது, நான் இனிப்புக் கடைக்கு நாலு தடவை போயிட்டேன்" என்றாள்.

வண்டிக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும். ஊர்க்கோடியில் செடி நர்சரிகளுக்கு நடுவே ஒரு வெட்ட வெளி வாடகைக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்து அங்கே போக ஒரு பஸ், அதற்குப் பிறகு நடை. காரை எடுப்பதற்காகப் பஸ்ஸில் போகிற ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன் என்று தோகுமாரு பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டார்.

இதற்குள் ஹிராகுரியின் பார்வை அந்த வீட்டின்மேல் நன்றாக விழுந்துவிட்டது. கழற்றிய ஒல்லி டயர்கள் நாலும் பால்கனியில் அடுக்கியிருந்தன. மெத்தை காயப்போட இடமில்லை என்று மித்சுயோ முனகிக்கொண்டிருந்தாள். ஹிராகுரி மேலே வந்து பணிவாக இருமினார்.

"பால்கனி தீ விபத்து வந்தா எல்லாரும் தப்பிச்சுப் போற வழி பாருங்க. செனோ அம்மா நடுத்தடுப்பை உடைச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாங்கன்னா, இருட்டுல இது மேல விழுந்துடுவாங்க."

செனோ அம்மாள் பெயரைக் கேட்டதும் தோகுமாரு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே நாலையும் இசோபே கடையில் போட்டுவிட்டு வந்தார்.

வரும் வழியில் ஒரு முனையில் இடது பக்கம் முழுசாகத் திருப்பினார். முன்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். வலது பக்கம் திருப்பினார். அதே கர். நேராகப் போனால் சத்தமில்லை. நேராகவே போனால் வீடு வராது. வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் இசோபேயிடம் போனார்.

"டயர் உள் பக்கம் உரசுது" என்றார் இசோபே. "வண்டியை ரெண்டு விரல் தூக்கி வச்சா சரியாப் போயிடும்."

"மொதல்ல ஒரு விரல்னீங்க. இப்ப ரெண்டு விரலா?"

"அது அகலத்துல சார். இது உயரத்துல."

தூக்கி வைத்தார்கள். சத்தம் நின்றது. தோகுமாரு ஏறி உட்கார்ந்தால் முன்னால் போகும் கார்களின் கூரை தெரிந்தது. எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மித்சுயோவால் ஏற முடியவில்லை.

அவள் கிமோனோ கட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. முழங்காலுக்கு மேல் காலைத் தூக்குவது அந்த உடுப்பில் நடக்காத காரியம். ஒத்திகை பார்க்கலாம் என்று ஞாயிறு காலை இருவரும் நர்சரிப் பக்கம் போனார்கள். வீட்டில் குளியலறை முக்காலி ஒன்று இருந்தது, இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக். அதை எடுத்துப்போய்ப் போட்டார். மித்சுயோ அதன்மேல் ஏறி, கதவைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, உட்காருமிடத்தில் பின்பக்கமாக விழுந்தாள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த நர்சரிக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் ரயில்ல வரேன்" என்றாள் மல்லாந்தபடியே.

"தனித்தனியா போனா என்ன நினைப்பாங்க? சண்டைன்னு நினைப்பாங்க."

"சண்டைதான்."

தோகுமாரு முக்காலிமேல் உட்கார்ந்தார். மகளுக்காக ஆரம்பித்த வேலை மனைவியை மல்லாக்கப் போடுவதில் வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று முதல்முறையாகப் புத்தி வந்தது. உடனே இசோபேக்குப் போன் செய்தார்.

"என் ஒல்லி டயர் நாலையும் திருப்பி மாட்டிடுங்க. இதை நீங்களே வச்சுக்குங்க."

"அது வந்த அன்னிக்கே வித்துப் போயிடுச்சே சார்" என்றது இசோபேயின் பல்குச்சிக் குரல். "உங்களுக்குப் புதுசு வரவழைக்கணும்னா பத்து நாள் ஆகும்."

சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டியது அடுத்த ஞாயிறு.

அந்த ஞாயிறு காலையில் ஷிஹோ தோக்கியோவிலிருந்து வந்து, நர்சரியில் நின்ற வண்டியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். கோஹெய்க்குக் காரில் ஏறினாலே குமட்டும் என்பதால் அவன் முந்தின நாளே ரயிலில் ஊருக்குப் போயிருந்தான்.

"அப்பா, இது யாரோட வண்டி?"

"நம்மதுதான்மா."

"என்னாச்சு அதுக்கு? ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

"உன் மாமனார் மலைக்காரர். அதான் கொஞ்சம்..." என்று டயர் பக்கம் கையைக் காட்டினார். "உனக்காகத்தான் பண்ணினேன்."

ஷிஹோ அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிமோனோவோடு முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். ஷிஹோ பின்னால் போய் அவளை ஒரு தள்ளுத் தள்ளி உள்ளே ஏற்றினாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் டயர் பாட ஆரம்பித்தது. முதலில் முனகல், பிறகு ஓங்காரம். வேகம் எடுக்க எடுக்க ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் சூப்பு உறிஞ்சுவதுபோல் ஒரு இரைச்சல்.

"அப்பா, அவங்க வீட்டுல போய் ரொம்பப் பேசாதீங்க" என்று பின்னாலிருந்து கத்தினாள் ஷிஹோ.

"என்னது?"

"பேசாதீங்க."

"நல்லாப் பேசறேன்மா, கவலைப்படாதே" என்று அவரும் கத்தினார்.

மித்சுயோ கண்ணை மூடி, மடியில் இனிப்பு டப்பாவை அணைத்துக்கொண்டு குலுங்கியபடி வந்தாள். அந்த டயர்களில் தார் ரோடே கல் ரோடுபோல்தான் இருந்தது. ஆனாலும் தோகுமாருவுக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் ஏறிக்கொண்டிருந்தது. மலை தெரிய ஆரம்பித்ததும் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டார். பூட்ஸ் போட்ட, தாடி வைத்த, குரல் கனத்த ஒரு ஆளை அவர் மனசுக்குள் எதிர்பார்த்து வைத்திருந்தார். அந்த ஆள் தன் முதுகில் ஓங்கித் தட்டினால் முன்னால் விழாமல் நிற்பதற்கு வீட்டில் பழகியும் பார்த்திருந்தார்.

ஆப்பிள் தோட்டத்து வாசலில் நுமாஜிரி நின்றிருந்தார்.

ஒடிசலான மனிதர். நீலக் கோட்டு, கழுத்து இறுகக் கட்டிய டை, எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை. அவருக்குப் பின்னால் அதே மாடல் வண்டி, கழுவித் துடைத்து, சீட்டுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டு நின்றது. தோகுமாருவின் கண் தானாகக் கீழே போனது. ஒரு மாதம் முன்னால் தன் வாசலில் உட்கார்ந்து முறைத்த அதே மாதிரி ஒல்லி டயர்கள்.

"வழியெல்லாம் சௌகரியமா இருந்ததா?" என்று மெல்லிய குரலில் கேட்டார் நுமாஜிரி. கேட்டவரின் பார்வை தோகுமாருவின் முகத்தில் இல்லை. வண்டியின் சக்கரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. எச்சில் விழுங்கினார்.

தோகுமாரு இதைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார். மனப்பாடம் செய்து வைத்ததைச் சொல்ல இதுதான் நேரம்.

"சும்மா வழக்கமா ஓட்டறதுதான்" என்று டயரைக் காலால் லேசாக உதைத்தார். "மண் ரோடு இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது. இந்தத் தழும்பு பாருங்க, ஆத்தைத் தாண்டும்போது பாறையில இடிச்சது."

"பாறையா?" என்றார் நுமாஜிரி. குரல் இன்னும் சின்னதாகிவிட்டது.

"பெரிய பாறை."

"எந்த ஆறு?"

ஆற்றுக்குப் பேர் வைக்க தோகுமாரு மறந்திருந்தார். "பேரில்லாத ஆறு. உள்ளுக்குள்ள இருக்கு."

நுமாஜிரி குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார். "கோழிப்பண்ணை கேட்டுல உரசினாலும் இந்த மாதிரிதான் ஆகும்" என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல்.

தோகுமாருவின் காது சூடாகிவிட்டது. ஆள் கண்டுபிடித்துவிட்டான் என்று பட்டது. சமாளிக்கப் பார்த்தார். "நீங்களும் மலைப்பாதையில பிரமாதமா ஓட்டுவீங்கன்னு பொண்ணு சொன்னா."

நுமாஜிரி திரும்பி வீட்டு வாசலில் நின்ற தன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஃபுமிகோ அம்மாள் வாட்டசாட்டமான பெண்மணி, முகத்தில் சிரிப்பு மாறாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றார் நுமாஜிரி. "இப்ப தார் ரோட்டோட சரி. மழை பெஞ்சா வண்டியை வெளிய எடுக்கறதே இல்ல. பாதுகாப்புதானே முக்கியம்."

 ஒரு கண்ணியமான மனிதர், டை கட்டி, வண்டியைத் துடைத்து, சம்பந்தி வருகிறார் என்று காத்திருக்கிறார். சம்பந்தியோ கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, சேற்று டயரோடு, ஊரே அதிர வந்து இறங்கி, ஆற்றையும் பாறையையும் பற்றிக் கதை விடுகிறான். மித்சுயோ இன்னும் வண்டிக்குள்ளேயே இருந்தாள். அவளை இறக்க ஓடிவந்த கோஹெய் முக்காலியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். ஷிஹோ தரையைப் பார்த்தாள். அவள் முகம் அந்த மழைக்காலத்து முகமாக மாற ஆரம்பித்திருந்தது.

அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. சுருட்டிய கையை இறக்கிவிட்டார்.

"நுமாஜிரி சான், ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி சரியா இருக்கான்னு பாக்கற ஆளு. மண் ரோடு எப்படி இருக்கும்னே தெரியாது. உங்க முன்னால மட்டமாத் தெரியக் கூடாதுன்னு இதையெல்லாம் பண்ணிட்டேன். தப்பு என்னோடது. பொண்ணு அப்படியில்ல. அவ ரொம்ப நல்ல பொண்ணு. என்னை வச்சு அவளை எடை போட்டுடாதீங்க."

சொல்லிவிட்டுத் தலை முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். நுமாஜிரி வாயைத் திறந்தார். மறுபடியும் மனைவியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

குனிந்தபடி இருந்த தோகுமாருவின் கண்ணுக்கு, வீட்டின் பக்கத்திலிருந்து ஒரு பழுப்பு நாய் வருவது தெரிந்தது. கிழ நாய். அது குரைக்கவில்லை, புது ஆட்களில் ஒருவரையும் முகர்ந்து பார்க்கவில்லை. நேராக வண்டியின் பின்சக்கரத்துக்குப் போனது. மூக்கை வைத்து ஒரு சுற்று இழுத்தது. வால் சுழன்றது. வெளியூர் போய்த் திரும்பின சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் குழைந்து ஒரு முனகல் முனகியது. பிறகு காலைத் தூக்கி, அவசரமில்லாமல், நிறைவாக மூத்திரம் பெய்தது.

கோஹெய் முக்காலியைப் போட்டுவிட்டு ஓடினான். நுமாஜிரி ஆப்பிள் மரத்து உச்சியில் என்னவோ இருப்பதுபோல் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

"பரவால்ல, பரவால்ல" என்றார் தோகுமாரு நிமிர்ந்து. "நாய்தானே. எந்த டயரைக் கண்டாலும் போகும்."

தண்ணீர் வாளியோடு வந்த ஃபுமிகோ அம்மாள் அதை ஊற்றாமல் கீழே வைத்தார். சக்கரத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கடைசியில் கணவரின் பக்கம் திரும்பினார்.

"கண்ட டயர்ல எல்லாம் இவன் போகமாட்டானே... ஏங்க, பட்டணத்துச் சம்பந்தி நம்மளை முரட்டுக் கூட்டம்னு நினைச்சுடுவாங்கன்னு போன மாசம் அழுதுகிட்டே வித்துட்டு வந்தீங்களே, அந்த நாலும் வீடு தேடி வந்திருக்கு பாருங்க."